கலமும் பெயரும்: ஜப்பானிய வேட்கோவர் வரலாறும் வங்கக் கடற்கரைக் கலவினையும்

1. ஆராயும் பொருள்

ஏட்டுச் சுவடி ஒன்றைக் கையில் எடுப்பவர் முதற்கண் வினவுவது, அதனை இயற்றியவர் யார் என்பதாகும். ஆசிரியர் பெயர் சிதைந்த சுவடியைப் பதிப்பிக்கப் புகுந்தோர் அப்பெயரைத் தேடிப் பல்லாண்டு உழைத்த வரலாற்றை நாம் அறிவோம். ஆனால் அகழ்குழியினின்றும் எடுத்த பானை ஒன்றைக் கையில் ஏந்துவோர் அவ்வினாவை எழுப்புவதில்லை. எவ்வூரில் கிடைத்தது, எம்மண்ணால் ஆயது, எக்காலத்தது என்பன குறிக்கப்பெறுகின்றன. வனைந்தவர் யார் என்பதற்குப் பட்டியலில் இடமே ஒதுக்கப்பெறுவதில்லை.

இவ்வேறுபாடு பொருளின் இயல்பால் வந்ததா, அன்றி நம் வழக்கத்தால் வந்ததா என்பது ஆராய்தற்குரியது. இதற்குத் துணையாவது ஜப்பானியக் கலவினைஞர் வரலாறு. அந்நாட்டில் வேட்கோவர் தம் பெயரைக் கலத்தில் பொறித்ததும் உண்டு. பொறித்த பெயர் குலப்பெயராய் வழிவழி வந்ததும் உண்டு. பெயரே வேண்டா என்று துறந்ததும் உண்டு. துறந்தவர்க்கு அரசே பெயர் சூட்டியதும் உண்டு. இந்நான்கையும் முறையே நோக்கி, செங்கற்பட்டு மாவட்டத்துப் புதுப்பட்டினத்தைச் சூழ்ந்த கரையிலும் அதற்குத் தெற்கே புதுவையிலும் காணப்படும் கலவினையோடு அவற்றை ஒப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஜப்பானியர் குடும்பப் பெயரை முன்னும் இயற்பெயரைப் பின்னும் வைத்து வழங்குவர். அம்முறையே ஈண்டுப் பின்பற்றப்படுகிறது.

2. கரையின் சான்றுகள்

புதுப்பட்டினம் கடலை ஒட்டிய ஊர். அதன் வடக்கே மாமல்லபுரமும், அடுத்தே சதுரங்கப்பட்டினமும், தெற்கே பாலாறு கடலொடு கலக்கும் இடமும் உள்ளன. மேற்கே செங்கற்பட்டு வட்டாரத்துச் சாணூரிலும் குன்னத்தூரிலும் 1950-களில் தொல்லியல் துறையினர் பெருங்கற்காலப் புதைகுழிகளை அகழ்ந்தனர். கால்கள் பல பொருத்திய சுடுமண் ஈமப்பேழைகளும், உள்ளே கருமையும் வெளியே செம்மையும் உடைய கலங்களும் அவற்றில் வெளிப்பட்டன. ஒரே கலத்தில் இருநிறம் வருவித்தல் எளிய செயலன்று. காற்றுப் படாத பகுதி கருக்கவும், காற்றுப்பட்ட பகுதி சிவக்கவும் சூளையில் கலங்களை அடுக்கத் தெரிந்த கை ஒன்று அங்கே இருந்தது.

பாலாற்று முகத்தை அடுத்த வசவசமுத்திரத்தில் தமிழ்நாட்டு அரசுத் தொல்லியல் துறையினர் 1970-இல் அகழ்ந்தபோது, மேலைநாட்டு மதுச்சாடிகளை ஒத்த கூம்படிச் சாடிகளின் துண்டுகளும் சுடுமண் உறைகிணறும் கிடைத்தன. சதுரங்கப்பட்டினத்து ஒல்லாந்தர் கோட்டையில் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்துள்ளன. மண்ணாற் செய்த பொருள்கள் கடல் கடந்து வந்திறங்கிய கரை இஃது என்பதற்கு இவை போதிய சான்றாம்.

இக்கரையில் கைவினைஞர் பெயர்கள் முற்றும் மறைந்தன என்று கூறவும் இயலாது. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் உள்ள பாறையில், கேவாத பெருந்தச்சன், கொல்லன் சேமகன், குணமல்லன் என்பன போன்ற பெயர்கள் பழைய எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. பல்லவர் காலத்துக் கற்பணியில் ஈடுபட்டோர் பெயர்கள் இவை என்பது அறிஞர் கொள்கை. எனவே, கல்லில் உழைத்தோர் சிலர் பெயரேனும் எஞ்சியது. மண்ணில் உழைத்தோர் பெயர் எஞ்சவில்லை.

பெயர் பொறித்த பானையோடுகள் தமிழகத்தில் இல்லையோ எனின், உள்ளன. அரிக்கமேடு, கொடுமணல், கீழடி முதலிய இடங்களில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. ஆதன் என்பது கீழடி ஓடுகளில் காணும் பெயர்களுள் ஒன்று. ஆயினும் இத்தகைய எழுத்துகள் பெரும்பாலும் கலம் சுட்ட பின்னர்க் கூரிய கருவியாற் கீறப்பட்டவை. பச்சைக்கலத்தில் எழுதுதல் வனைந்தோர்க்கு எளிது. சுட்ட கலத்தில் கீறுதல் கொண்டோர் செயல். ஆகவே இப்பெயர்களை உடையவர் பெயர்களாகக் கொள்வதே பெரிதும் பொருந்தும். கலத்தை வாங்கியவர் பெயர் இரண்டாயிரம் ஆண்டுகளாக நின்று நிலவ, வனைந்தவர் பெயர் அன்றே மறைந்தது.

3. ஜப்பானில் பெயர் தோன்றிய முறை

ஜப்பானிலும் தொடக்கத்தில் நிலை இதுவே. பிசென், செதோ, தம்பா முதலிய பழஞ்சூளைகளின் சாடிகள் ஊர்ப் பெயராலேயே அறியப்பட்டன. 16-ஆம் நூற்றாண்டில் தேநீர் அருந்தும் சடங்கு ஒரு கலையாக வளர்ந்தபோது மாற்றம் நிகழ்ந்தது. அக்கலையின் பேராசானாகிய சென் நோ ரிக்யூ (1522–1591), கியோத்தோ நகரத்து வேட்கோவராகிய சோஜிரோ என்பவரைக் கொண்டு, சக்கரமின்றிக் கையாலேயே பிடித்துச் செய்த கிண்ணங்களை ஆக்குவித்தார். அம்மரபு ராக்கு என்னும் குடும்பப் பெயரால் வழங்குவதாயிற்று. தலைவர் ஒவ்வொருவரும் கிச்சிசயெமோன் என்னும் ஒரே பெயரை ஏற்பது அக்குடும்பத்தின் முறை. 2019-இல் அப்பெயரை ஏற்றவர் பதினாறாம் தலைமுறையினர். ஈண்டுப் பெயர் ஒருவர்க்கு உரியதன்று, மரபிற்கு உரியது. நம் நாட்டு மடங்களின் தலைவர் பட்டப்பெயர் கொள்வதை இஃது ஒருபுடை ஒக்கும்.

17-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் கியோத்தோவில் வாழ்ந்த நொனொமுரா நின்செய், தம் பெயரை முத்திரையாகக் கலத்தின் அடியிற் பதித்தார். வேட்கோவர் தம் பெயரைத் தம் படைப்பில் இட்டு வழங்கிய தொடக்ககாலச் சான்றுகளுள் இது தலையாயது. அப்பெயரும் ஆராயத் தக்கது. நின்னஜி என்னும் கோயிலை அடுத்து அவர் சூளை இருந்தது. கோயிற் பெயரின் முதற்பகுதியையும் தம் இயற்பெயராகிய செயெமோனின் முதற்பகுதியையும் கூட்டி நின்செய் என்று அமைத்துக்கொண்டார்.

அவர் வழிவந்த ஒகாதா கென்சான் (1663–1743) 1699-இல் கியோத்தோவின் வடமேற்கில் சூளை நிறுவினார். கென்சான் என்பது வடமேற்கு மலை எனப் பொருள்படும். இடத்தின் பெயர் கலத்தின் பெயராகிக் கலைஞர் பெயராகவும் நிலைத்தது. அவர் உடன்பிறந்தாராகிய ஓவியர் கோரின், கென்சானின் தட்டுகளில் ஓவியம் தீட்டினார். கென்சான் அவற்றில் செய்யுள் எழுதிக் கையொப்பமிட்டார். இங்ஙனம் மட்கலம் ஏட்டையும் ஓவியத்தையும் ஒத்த மதிப்புப் பெற்றது.

இலக்கிய மாணவர்க்கு இன்னும் நெருங்கியவர் ஒதகாகி ரெங்கெத்சு (1791–1875) என்னும் துறவுபூண்ட பெண்மணியார். கணவரையும் மக்களையும் இழந்த அவர் கையாற் பிடித்துச் செய்த சிறு கலங்களைக் கொண்டு வாழ்க்கை நடத்தினார். தாம் இயற்றிய செய்யுளைப் பச்சைமண்ணில் தாமே கீறிச் சுட்டார். புலவரும் வேட்கோவரும் ஒருவரே ஆயினமையால் அவர் கலங்களை விரும்பினோர் பலர்; போலி செய்தோரும் பலர். பிழைப்பிற்காகப் போலி செய்தவர் வேண்டியபோது அவர்தம் கலங்களிலும் செய்யுள் எழுதிக் கொடுத்தார் என்று அவரைப் பற்றிக் கூறுவர்.

பெயர்க்கு விலை ஏறிய இடத்தில் பெயரால் வரும் கேடும் உண்டாதல் இயல்பு. 1959-இல் ஜப்பானிய அரசு ஒரு சாடியை, அதில் எழுதியிருந்த ஆண்டைக் கொண்டு, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்ததென நம்பிச் சிறப்புப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. அது தற்காலத்து வேட்கோவராகிய கதோ தோகுரோவின் படைப்பென்பது பின்னர் வெளிப்பட, 1961-இல் அவ்வறிவிப்பு நீக்கப்பட்டது. சாடி மாறவில்லை, அதனொடு சேர்த்த பெயரும் காலமுமே மாறின. கலத்தின் அழகை நாம் கண்ணாற் காண்கிறோமா, பெயராற் காண்கிறோமா என்னும் வினாவை அந்நிகழ்ச்சி ஜப்பானியர் முன் வைத்தது.

4. பெயரறியாக் கிண்ணம்

இவ்வினாவை அதற்கு முன்னரே எழுப்பியவர் யானகி சோயெத்சு (1889–1961). கியோத்தோவில் தைதொகுஜி என்னும் பௌத்தப் பெருங்கோயிலைச் சேர்ந்த கோஹோவான் மடத்தில், கிசயெமோன் ஈதோ என வழங்கும் தேநீர்க் கிண்ணம் ஒன்று பேணப்பட்டு வருகிறது. ஜப்பானின் தேசியச் செல்வங்களுள் அஃது ஒன்று. அது கொரிய நாட்டு வேட்கோவர் ஒருவர் அன்றாடப் பயனுக்காக விரைந்து வனைந்த எளிய கிண்ணம். கிசயெமோன் என்பது வனைந்தவர் பெயரன்று. ஒருகாலத்தில் அதனை உடைமையாகக் கொண்டிருந்த வணிகர் பெயர். கீழடி ஓட்டில் நாம் கண்ட முறையே இங்கும் காணப்படுதல் நோக்கத்தக்கது.

யானகி 1931-இல் அக்கிண்ணத்தை நேரிற் கண்டார். புகழ் கருதாமல், அழகைத் தேடாமல், வழக்கத்தாற் பழகிய கை செய்தமையாலேயே அஃது அழகுற்றது என்று அவர் முடிவு செய்தார். தாம் என்னும் நினைவு நீங்கிய இடத்தில் அழகு தானே தோன்றும் என்பது அவர் கொள்கையின் சாரம். அதற்குப் பௌத்த சமயச் சிந்தனையும், ஆங்கில நாட்டு ரஸ்கின், மாரிஸ் ஆகியோர் எழுத்துகளும் துணையாயின. 1925-இல் அவரும் ஹமாதா ஷோஜியும் கவாய் கன்ஜிரோவும் சேர்ந்து, மக்கள் கைவினை எனப் பொருள்படும் மிங்கெய் என்னும் சொல்லை ஆக்கினர். 1936-இல் தோக்கியோவில் ஜப்பானிய மக்கட் கைவினைக் காட்சிச்சாலை திறக்கப்பெற்றது.

இக்கருத்தைத் தமிழர் அறியாதாரல்லர். கொழும்பிற் பிறந்து, தமிழராகிய முத்துக்குமாரசுவாமியின் மகனாய் விளங்கிய ஆனந்த குமாரசுவாமி (1877–1947), 1908-இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றியும், 1909-இல் இந்தியக் கைவினைஞர் பற்றியும் நூல்கள் வெளியிட்டார். முன்னதனை அச்சிட்டது மாரிஸின் கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் முன்பு இயங்கிய பொறியாகும். மரபிற்கு ஆட்பட்ட கைவினைஞன் தன்னை வெளிப்படுத்தக் கருதுவதில்லை. ஆகவே தன் பெயரைப் பொறிக்கவும் கருதுவதில்லை என்பது குமாரசுவாமி வாழ்நாள் முழுதும் வற்புறுத்திய கருத்து. ஒரே ஊற்றினின்று தோன்றிய இரு கால்களாக யானகியையும் குமாரசுவாமியையும் கொள்ளலாம்.

5. பெயர் துறந்தோர் இருவர்

கொள்கையை வாழ்க்கையிற் கடைப்பிடித்தவர்களுள் ஹமாதா ஷோஜி (1894–1978) முதல்வர். தோக்கியோ உயர்தரத் தொழிற்பள்ளியிற் பயின்று, கியோத்தோவின் மட்கல ஆய்வு நிலையத்தில் பணியாற்றி, 1920-இல் பெர்னார்டு லீச் (1887–1979) என்னும் ஆங்கிலேயருடன் இங்கிலாந்து சென்று, செயின்ட் ஐவ்ஸ் என்னும் கடற்கரை ஊரில் சூளை அமைத்தார். திரும்பிய பின்னர்த் தலைநகரை நாடாது, சமையற் கலங்களுக்குப் பேர்போன மஷிகோ என்னும் சிற்றூரில் குடியேறினார். அவ்வூர்க் களிமண்ணையும் அவ்வூர்க் கல்லினின்று ஆக்கிய செம்பழுப்புப் பூச்சையும் விடாது பயன்படுத்தினார்.

அவருடைய தொழின்முறையில் நமக்கு அணியதொன்று உண்டு. மின்விசையாலோ காலாலோ சுழலும் சக்கரத்தை விடுத்து, கோல் ஒன்றைத் துளையிற் செருகிக் கையாற் சுழற்றும் சக்கரத்தையே அவர் விரும்பினார். தமிழ்நாட்டுக் குயவர் கோல்கொண்டு திகிரியைச் சுழற்றும் முறையை அறிந்தவர்க்கு இது புதிதன்று. சுழற்சி மெல்லத் தளர்வதற்கேற்பக் கையும் தளர்ந்து, கலத்தின் வடிவில் ஒரு மென்மை தோன்றும். ஒரு தட்டில் பூச்சை அகப்பையால் ஊற்றிக் கோலமிட அவர்க்குச் சில நொடிகளே ஆயின. இவ்வளவு விரைவு தகுமோ என வினவினார்க்கு, அந்நொடிகளோடு தம் அறுபது ஆண்டுப் பயிற்சியையும் கூட்டிக்கொள்ளுமாறு அவர் விடையிறுத்தார் என்பர்.

ஹமாதா முதிர்ந்த காலத்தில் தம் கலங்களில் கையொப்பமோ முத்திரையோ இடவில்லை. ஆயினும் கலத்தை வைத்து விற்கும் மரப்பெட்டியின் மூடியில் எழுதிக் கையொப்பமிட்டார். கலம் பெயரற்றது, பெட்டி பெயருடையது. கொள்கையும் அங்காடியும் ஒருங்கே நிறைவுற்ற இந்நுட்பத்தைக் குறையாகக் கூறுதல் நம் கருத்தன்று. பெயரை முற்றும் துறத்தல் புகழ்பெற்ற ஒருவர்க்கு எத்துணை அரிது என்பதற்கு இது சான்று.

1950-ஆம் ஆண்டின் பண்பாட்டுச் செல்வப் பாதுகாப்புச் சட்டம் 1954-இல் திருத்தப்பெற, 1955-இல் ஜப்பானிய அரசு அருந்தொழில்களைத் தாங்கி நிற்போரை முதன்முறையாக அறிவித்தது. வாழும் தேசியச் செல்வம் என்று மக்கள் இவர்களை வழங்குவர். ஹமாதாவும், தொமிமொதோ கென்கிச்சியும் (1886–1963) அவ்வாண்டே அச்சிறப்பைப் பெற்றனர். ஹமாதா தாங்கியதாக அரசு குறித்த தொழில் மிங்கெய் மட்கலம் என்பதாகும். பெயரறியாதார் தொழில் எனப் போற்றப்பட்ட ஒன்றிற்குப் பெயரறிந்த ஒருவரே சான்றாக நிறுத்தப்பெற்றமை இவ்வரலாற்றின் முரண்.

கவாய் கன்ஜிரோ (1890–1966) வேறு வழி கொண்டார். கையொப்பமிடுதலை நிறுத்திய அவர், அரசு அளிக்க முன்வந்த அச்சிறப்பையும் ஏற்க மறுத்துவிட்டார். கியோத்தோவில் அவர் வாழ்ந்த இல்லமும், சரிவில் ஏறுவரிசையாக அமைந்த அறைகளையுடைய அவர் சூளையும் இன்று காட்சியிடமாக உள்ளன. துறவைச் சொல்லாற் கூறியவர் பலர். மறுப்பாற் காட்டியவர் கவாய்.

6. நம் நாட்டிற்கு வந்த வழி

ஜப்பானிய மண்வினைக்கும் இக்கரைக்கும் உள்ள தொடர்பு நேற்றையதன்று. 17-ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தக் கம்பெனியார் ஜப்பானின் தெஜிமாத் தீவிலும் சோழமண்டலக் கரையிலும் ஒருங்கே வணிகம் செய்தனர். சதுரங்கப்பட்டினம் அவர்தம் துணி வணிக இடங்களுள் ஒன்று. ஜப்பானியச் செம்பு இக்கரைக்கு வந்தது. இக்கரைத் துணி ஜப்பானுக்குச் சென்றது. கோடுகளமைந்த பருத்தித் துணி வகை ஒன்றை ஜப்பானியர் சந்தொமே என்று வழங்கினர். சென்னைச் சாந்தோம் என்னும் இடப்பெயரே அங்ஙனம் திரிந்தது. தேநீர்த் தூள் வைக்கும் விலைமதிப்புள்ள சிறுசாடிகளுக்கு உறை தைக்க இந்தியத் துணிகளைத் தேநீர்க் கலைஞர் விரும்பினர். நம் நெசவாளர் கைவினை ஜப்பானிய வேட்கோவர் கைவினையைப் போர்த்து நின்ற காட்சி இது. சாடிக்குப் பெயருண்டு, துணிக்கு ஊர்ப்பெயருண்டு, நெய்தவர்க்குப் பெயரில்லை.

தற்காலத் தொடர்பின் முதல்வர் வடநாட்டவராகிய குர்சரண் சிங். 1919-இல் ஜப்பான் சென்று தோக்கியோவிற் பயின்ற அவர், யானகி, ஹமாதா, கவாய், தொமிமொதோ, லீச் ஆகியோருடன் பழகினார். பின்னர்த் தில்லியில் நீலக்கலத் தொழிலை வளர்த்து, 1991-இல் பத்மஸ்ரீ பெற்று, 1995-இல் மறைந்தார்.

தமிழ் நிலத்திற்கு அக்கல்வி வந்தது 1971-இல். அமெரிக்கராகிய தெபோரா ஸ்மித், ரே மீக்கர் ஆகிய இருவரும் அவ்வாண்டு புதுவையில் கோல்டன் பிரிட்ஜ் என்னும் மட்கலப் பட்டறையை நிறுவினர். தெபோரா ஸ்மித் ஜப்பானிய மொழி வல்லவர். சூசன் பீட்டர்சன் என்னும் பேராசிரியர் ஹமாதாவின் வாழ்வும் தொழிலும் பற்றி நூல் எழுதுதற்கு உடனிருந்து மொழிபெயர்த்து உதவியவர். பிசென் ஊரில் யமமொதோ தோஷூ (1906–1994) என்பவரிடம் தொழில் கற்றவர். பிசென் கலம் பூச்சு அற்றது. பல நாள் எரியும் விறகுச் சூளையில், பறக்கும் சாம்பல் கலத்தின்மேற் படிந்து உருகி நிறங்களைத் தரும்.

நம் நாட்டுப் பானை ஏறத்தாழ 700 முதல் 900 பாகை வரையுள்ள வெப்பத்தில் வெந்து, நீர் கசியும் தன்மையோடு நிற்கும். பானைநீர் குளிர்தற்கு அக்கசிவே காரணம். கற்கலம் எனத்தக்க உயர்வெப்பக் கலம் 1200 பாகைக்கு மேல் வெந்து, மண்ணே கல்லாய் இறுகி, நீரை விடாது பிடிக்கும். புதுவைப் பட்டறை இவ்விரண்டாம் வகையை இக்கரையில் வேரூன்றச் செய்தது. அங்குப் பயின்ற பலர் இந்தியாவெங்கும் பெயர்பெற்ற கலைஞராயினர். மீக்கர் 1980-களில், பச்சைச் செங்கல்லால் வீட்டைக் கட்டி அவ்வீட்டையே சூளையாக்கிச் சுடும் முயற்சியையும் மேற்கொண்டார்.

ஒன்று ஈண்டுக் கருதத்தக்கது. பட்டறையில் மண் பிசைந்தும் வனைந்தும் தொழில் கற்ற உள்ளூர்த் தமிழ்த் தொழிலாளருட் சிலர் பின்னர்த் தனித்துச் சூளை வைத்தனர். அவர்தம் கலங்கள் புதுச்சேரிக் கலம் என்னும் பொதுப்பெயராலேயே விலைபோயின. மாணவராய் வந்தோர் கலைஞராகப் பெயர்பெற, தொழிலாளராய் வந்தோர் ஊர்ப்பெயருள் அடங்கினர். கற்ற தொழில் ஒன்று. பெயர் மட்டும் இருவகையாயிற்று.

7. துறத்தலும் மறுக்கப்படுதலும்

யானகியின் கொள்கையை நம் நிலத்திற் பொருத்திப் பார்க்கும்போது அதன் எல்லை புலனாகிறது. பெயர் உடையவர் அதனைத் துறத்தல் வேறு. பெயர் கேட்கப்படாதவர் பெயரின்றி மறைதல் வேறு. முன்னது நோன்பு, பின்னது இழப்பு. இரண்டையும் ஒன்றாக எண்ணி, பெயரின்மையே கைவினையின் பெருமை எனக் கொண்டாடுதல், உண்ணாமையால் வாடுவோனை உண்ணா நோன்பினன் எனப் புகழ்வதை ஒக்கும். கொரியக் கிண்ணத்தை வனைந்தவர் தம் பெயரை மறைக்க விரும்பினார் என்பதற்குச் சான்றில்லை. அவரை எவரும் வினவவில்லை என்பதே உண்மை. 1592 முதல் 1598 வரை நடந்த போரில் ஜப்பானியர் கொரிய வேட்கோவர் பலரைச் சிறைகொண்டு சென்றனர். அவருள் யி சாம்பியோங் ஒருவர், அரிதா மலையில் பீங்கான் மண் கண்டறிந்தவராகப் போற்றப்பெறுகிறார். உடன் சென்ற பலர் பெயரில்லை.

நம் பழைய ஆவணங்களில் வேட்கோவர் தோன்றும் இடங்களும் இதனையே காட்டும். பல்லவர் செப்பேடுகளில் குசக்காணம் என்னும் வரி குறிக்கப்பெறுகிறது. அது குயவர் செலுத்திய வரி. மாமல்லபுரத்தை எடுப்பித்த மரபினர் ஆட்சியில் வேட்கோவர் வரியாக எண்ணப்பெற்றனர், பெயராக எண்ணப்பெறவில்லை. பெரியபுராணம் போற்றும் திருநீலகண்ட நாயனார் தில்லையில் வாழ்ந்த வேட்கோவர். அடியார்க்குத் திருவோடு ஆக்கி அளித்தவர். அவரையும் நாம் அறிவது தொண்டின் திறத்தால். அவர் வனைந்த ஓட்டின் திறம் பற்றி அறிய வழியில்லை. நாயனாராகிய திருநீலகண்டமே அவர்க்கு நிலைத்த பெயராயிற்று.

சங்கப் புலவர் இவ்வகையில் நம்மினும் கூரிய நோக்கினர். புறநானூற்று 32-ஆம் பாட்டில் கோவூர்கிழார், சக்கரத்தில் வைத்த பசுமண் வனைவோன் கருத்தின்படி வடிவுறுவதை அரசன் எண்ணத்திற்கு உவமையாக்கினார். 228-ஆம் பாட்டில் ஐயூர் முடவனார், கிள்ளிவளவன் இறந்த துயரத்தை வேட்கோவனை நோக்கியே புலம்பினார். 256-ஆம் பாட்டில் கணவனை இழந்த பெண், தனக்கும் இடம் அமையத் தாழியை அகலமாக வனையுமாறு வேட்கோவனை வேண்டுகிறாள். துயரின் உச்சியில் அவர்கள் விளித்துப் பேசியது வனைபவனை. ஆயினும் அவ்வேட்கோவன் பெயர் நமக்குக் கிட்டவில்லை. 256-ஆம் பாட்டைப் பாடிய புலவர் பெயரும் கிட்டவில்லை. தாழி வனைந்தவரும் பாட்டு வனைந்தவரும் அங்கே ஒரு நிலையினர்.

இக்காலத்தில் நிலை சிறிது மாறிவருகிறது. புதுவையை அடுத்த வில்லியனூரின் சுடுமண் கலைஞர் வி. கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ வழங்கப்பெற்றது. மானாமதுரை மண்பாண்டம் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. முன்னது ஆளின் பெயர்க்கு வந்த சிறப்பு. பின்னது ஊரின் பெயர்க்கு வந்த காப்பு. ஜப்பான் 1955-இலும், மரபுத் தொழில்களுக்கான 1974-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் மேற்கொண்ட இருவழிகளை இவை ஒத்துள்ளன. இரண்டும் வேண்டுவனவே. ஆயினும் விருது ஒருவர்க்கே உரியது. குறியீடு ஊர் முழுமைக்கும் உரியது. இவ்விரண்டிற்கும் இடையே நிற்கும் நூற்றுக்கணக்கான வேட்கோவர் இன்னும் பட்டியலுக்கு வெளியே உள்ளனர்.

8. முடிபு

இதற்கு வழி நம் இலக்கிய மரபிலேயே உண்டு. சங்கப் பாட்டுகளைத் தொகுத்த சான்றோர், பாடியவர் பெயர் கிடையாத இடத்தில் அவரை வெறுமனே விட்டுவிடவில்லை. பாட்டில் அமைந்த அரிய தொடரையே அவர்க்குப் பெயராக்கினர். செம்புலப்பெயல்நீரார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்னும் பெயர்கள் அங்ஙனம் வந்தவை. செய்தவர் பெயர் மறைந்த வழிச் செய்பொருளே செய்தவரைப் பெயரிட்டு வழங்கும் என்பது அவர் கொண்ட நெறி.

மேலைநாட்டில் ஜான் பீஸ்லி (1885–1970) என்னும் அறிஞர், பண்டைக் கிரேக்கக் கலங்களில் கையொப்பமின்றித் தீட்டப்பட்ட ஓவியங்களை நுணுகி ஆராய்ந்து, காது, கணுக்கால், ஆடைமடிப்பு ஆகியவற்றை வரையும் தனித்திறத்தால் ஒவ்வொருவர் கையையும் பிரித்தறிந்தார். இயற்பெயர் தெரியாத ஒருவரை, அவர்தம் சிறந்த கலம் இருந்த நகரைக் கொண்டு பெர்லின் ஓவியர் என வழங்கினார். நம் தொகுப்பாளர் ஈராயிரம் பாட்டுகளின் தொகுப்பில் செய்ததை அவர் பல்லாயிரம் கலங்களிற் செய்தார்.

சாணூர், குன்னத்தூர் ஈமப்பேழைகளில் கால்களைப் பொருத்திய முறை, விளிம்பை மடித்த முறை, விரலழுத்திய சுவடு ஆகியவற்றை இந்நோக்கில் ஆராய்தல் கூடும். ஒரே கை வனைந்தவற்றைப் பிரித்தறிந்து, அக்கைக்கு அதன் பண்பால் ஒரு பெயரிட்டு வழங்குதல் பயனுடைய பணியாம்.

வாழ்வோர் திறத்தில் நம் கடமை இதனினும் எளிது. இதனினும் விரைவும் வேண்டுவது. அவர்பால் பெயரைக் கேட்டறியலாம். செங்கற்பட்டு, கடற்கரை ஊர்களில் எஞ்சியுள்ள குயவர் வீடுகளில் சக்கரம், தட்டுப்பலகை, சூளை, மண்வகை, வனையும் நிலைகள் ஆகியவற்றிற்கு வழங்கும் சொற்கள் அகராதிகளில் முழுமையாக ஏறவில்லை. அச்சொற்களைத் தொகுக்கும் முதுகலை மாணவர், சொல்லைத் தந்தவர் இன்னார், அவர் வனைந்த கலம் இன்னது, மண் எடுத்த ஏரி இன்னது என்று, அவர்தம் இசைவோடு, சேர்த்தே பதிவு செய்தல் வேண்டும். மொழியாராய்ச்சியில் தகவலாளர் என்னும் பொதுச்சொல்லால் அவரை அடக்கிவிடுதல், புதுச்சேரிக் கலம் என்று அங்காடி அடக்கியதற்கு வேறன்று.

ஹமாதாவைப் போல் பெயரைப் பெட்டியில் மட்டும் எழுதுவதோ, கவாயைப் போல் முற்றும் மறுப்பதோ அவ்வேட்கோவர் தாமே முடிவு செய்யவேண்டியது. அம்முடிவைச் செய்தற்கு முதலில் அவர்க்குப் பெயர் இருத்தல் வேண்டும். அதனை வினவுதல் ஆராய்ச்சியாளர் தொழிலாகும்.